நூற்றுப் பன்னிரண்டாவது பாட்டு

அப்பு, நீ கேட்ட போட்டோக்களை நான் அனுப்பப்போவதில்லை. உன் அம்மாவின் பாட்டுகளில் அச்சாகி மிஞ்சிய அந்த நான்கு பக்கத்தையும் அனுப்பப்போவதில்லை. உன் கல்யாணத்துக்கென்று உன் கம்பெனியின் வலைத்தளத்தில் நம் குடும்பத்துக்கு ஒரு பக்கம் திறந்திருப்பதாகவும், அதில் அம்மாவுக்கு ஒரு மூலை ஒதுக்கியிருப்பதாகவும், எல்லாம் இலவசம் என்றும் போனில் சொன்னாய். நான் "சரி, பாப்போம்" என்று வைத்துவிட்டேன். வாயால் சொன்னால் நான் கத்துவேன், நீயும் கத்துவாய், நடுவில் லைன் கட்டாகும், வேண்டுமென்றே வைத்துவிட்டான் என்று இரண்டு பேரும் நினைத்துக்கொள்வோம். அதனால் எழுதுகிறேன். உனக்கு மட்டும் எழுதி உறையில் போட்டிருக்கலாம். ஆனால் நீ கட்டுகிற இந்த வலைத்தளக் கடை உன்னோடு முடிகிற காரியமில்லை. நாகல் நகரில் நம் தெருவிலேயே பாதி வீட்டுப் பிள்ளைகள் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து அதில் படம் ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். பங்குக் கோயில் இதழில் இரண்டு பக்கம் தருகிறேன் என்றார்கள். இரண்டு பக்கத்தில் என் கோபம் அடங்காது என்றேன், நான்கு தந்திருக்கிறார்கள். ஊரே படிக்கட்டும்.

போன கிறிஸ்துமஸுக்கு வந்திருந்தாயே, அன்றைக்கே இதை எழுதியிருக்க வேண்டும். சாப்பிட உட்கார்ந்தபோது நான்தான் வாயைக் கொடுத்தேன். எல்லாம் சும்மா கொடுக்கிறீர்களே, உனக்குச் சம்பளம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். நீ உற்சாகமாகிவிட்டாய். முதலில் ஜனங்கள் வந்து கொட்ட வேண்டும் என்றாய். குழந்தை பிறந்த படம், தாத்தா செத்த படம், ஒருவருக்கொருவர் எழுதுகிற கடிதம், எல்லாம். அதைப் பார்த்து யாருக்கு எந்த விளம்பரம் என்று முடிவு செய்வீர்களாம். பிறகு ஒருநாள், கொட்டியது போதுமான அளவு சேர்ந்ததும், பெட்டி நிறைந்துவிட்டது, மேலே வைக்கக் காசு கட்டு என்பீர்களாம். சரி, ஒருத்தன் காசு கட்டாமல் தன் படங்களை அள்ளிக்கொண்டு போக நினைத்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். நீ சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஒரு சொல் கூட்டவில்லை.

"எடுக்கலாம்பா. ஆனா கஷ்டமா இருக்கணும். கஷ்டமா இருந்தாத்தான் கம்பெனி நிக்கும்."

கறிக்குழம்பு விரலை நக்கிக்கொண்டே சொன்னாய். நான் பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவப் போனேன். வயதாகிவிட்டது, முன்னைப் போல் சாப்பிட முடியவில்லை என்று நீ நினைத்திருப்பாய். எனக்கு உன் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை, அதுதான் உண்மை. திரும்பி வந்தபோது உன் லேப்டாப்பைத் தட்டிக் காட்டி ஒன்று சொல்லிச் சிரித்தாய்: இதில் நான் எதைத் தட்டினாலும் அது கம்பெனிக்குச் சொந்தம், காதல் கடிதம் தட்டினால்கூட அவர்களுக்குத்தான் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன் என்றாய். உனக்கு அது தமாஷாக இருந்தது. கையெழுத்துப் போட்டவனே சிரிக்கிறான், நாம் என்ன சொல்ல என்று நான் பாயை விரித்துப் படுத்துவிட்டேன்.

இந்தத் தொழில்காரர்கள் எல்லாருமே ஒரே அச்சு. உள்ளே போக ஒரு பொத்தான், வெளியே வர ஒன்பது. ரெண்டு வருஷத்துக்கு முன் என் செல்போனில் ஏதோ ஒரு மெசேஜ் வந்தது. கண்ணாடி போடாமல் எதையோ அமுக்கித் தொலைத்தேன். அன்றிலிருந்து என்னைக் கூப்பிடுகிறவர்களுக்கெல்லாம் மணிச்சத்தத்துக்குப் பதிலாக ஒரு குத்துப்பாட்டு. எனக்குக் கேட்காதே, கூப்பிடுகிறவர்களுக்குத்தானே கேட்கும்! ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம் நாற்பது நாளும் அது ஓடியிருக்கிறது. பெரிய வெள்ளியன்று சிலுவைப் பாதைக்கு மைக் செட்டு வந்ததா என்று கேட்கச் சாமியார் என்னைக் கூப்பிட்டிருக்கிறார். ஆண்டவர் சிலுவையில் தொங்குகிற நேரத்தில் என் போனில் இடுப்பை ஆட்டச் சொல்லி ஒருத்தி பாடியிருக்கிறாள். சாமியார் நல்ல மனுஷர், ஞாயிற்றுக்கிழமை வரை பொறுத்திருந்து, பூசை முடிந்ததும் தனியாக அழைத்து, வீட்டில் எதுவும் பிரச்சனையா என்று கேட்டார். மானம் போய்விட்டது. அதை நிறுத்த ஒரு நம்பருக்குப் போன் போட்டால் ஒன்றை அமுக்கு, மூன்றை அமுக்கு என்று ஒரு பெண் சொல்லிக்கொண்டே போகிறாள், கடைசியில் மறுபடி முதலுக்கே வந்து நிற்கிறாள். மாசாமாசம் காசை மட்டும் மறக்காமல் பிடித்துக்கொண்டார்கள். சிம் கார்டையே மாற்றித்தான் அந்தப் பாட்டிலிருந்து தப்பித்தேன். உன்னிடம் சொன்னபோது நீ விழுந்து விழுந்து சிரித்தாய், பிறகு அந்தக் கம்பெனியின் சாமர்த்தியத்தை மெச்சிக்கொண்டாய்.

நீ சிரிக்காத ஒரு கதை இருக்கிறது. அதில் பாதி உனக்குத் தெரியும். மீதியை நான் மறைத்து வைத்திருக்கிறேன்.

தொண்ணூற்றாறில் நான் டி.டி.பி. சென்டர் திறந்தது உனக்கு நினைவிருக்கும். கல்யாணப் பத்திரிகை, பில் புத்தகம், தேர்ப்பவனி நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர், எது வந்தாலும் தட்டிக் கொடுப்பேன். பஸ் ஸ்டாண்டுப் பக்கத்தில் என்னைப் போல நாலைந்து கடைகள். எல்லாரும் தமிழ் மென்பொருளைத் திருட்டுக் காப்பியாக வைத்திருந்தார்கள். நான் மட்டும் மெட்ராஸில் ஒரு கம்பெனியிலிருந்து ஒரிஜினல் வாங்கினேன். எழுத்து அழகாக இருந்தது. பழைய ஜெபப் புத்தகத்து எழுத்துப் போலவே இருந்ததில் மயங்கிவிட்டேன். திருட்டுப் பொருளில் திருப்பலி நோட்டீஸ் அடிப்பதா என்ற வீறாப்பும் இருந்தது. ஊரில் வேறு யாரிடமும் அது கிடையாது, அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம். மென்பொருளோடு ஒரு சின்னக் கட்டையும் தந்தார்கள், தீப்பெட்டி அளவு. அதற்கு லாக் என்று பெயர். கம்ப்யூட்டரின் பின்னால் பிரிண்டர் வயர் மாட்டுகிற இடத்தில் அதை மாட்ட வேண்டும். அது மாட்டியிருந்தால்தான் மென்பொருள் திறக்கும். நான் அதைத் தினமும் துணியால் துடைத்து வைத்தேன், பைத்தியக்காரன்.

உன் அம்மா ஆத்தூர்ப் பக்கம் கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். அதை உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். தவக்காலம் வந்தால் அந்த ஊர்ப் பெண்கள் சிலுவைப் பாதையில் பாட அவள் பாட்டுக் கட்டிக் கொடுப்பாள். கோயில் புத்தகத்துப் பாட்டுப் போல இருக்காது. தண்ணீர்க் குடம், பூப்பறிக்கப் போகிற பாதை, புருஷன் குடித்துவிட்டு வருகிற வீடு, எல்லாம் அதில் வரும். மாதா தன் மகனைத் தேடிக்கொண்டு ஆத்தூர் அணைக்கரையில் நடந்து வருவாள். பழைய சாமியார் ஒருவர் இதெல்லாம் வேதத்தில் எங்கே இருக்கிறது என்று கேட்டதற்கு, வேதத்தில் இல்லை சாமி, எங்கள் ஊரில் இருக்கிறது என்றாளாம். மூன்று நீள நோட்டு நிறைய எழுதியிருந்தாள். சர்க்கரை வியாதி முற்றிச் சிறுநீரகம் கெட்டு ஒரு ஐப்பசியில் போய்ச் சேர்ந்தாள். உனக்கு அப்போது பதினாறு வயது.

அவள் போன பிறகு எனக்கு வேறு வேலை ஓடவில்லை. முதல் வருஷ நினைவு நாளுக்குள் அவள் பாட்டுகளைப் புத்தகமாகப் போட்டுவிட வேண்டும் என்று கடையில் உட்கார்ந்து தட்டினேன். ஒரு நாளைக்கு ஒன்று, முடிந்தால் இரண்டு. அவள் கையெழுத்தைப் பார்த்துக்கொண்டே தட்டும்போது அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "அவசரப்படாதீக, எம்புட்டுத் தப்பு பாருங்க" என்று சொல்வது போலவே இருக்கும். அதற்காகவே மெதுவாகத் தட்டினேன். மொத்தம் நூற்றுப் பன்னிரண்டு பாட்டு. மாதிரிக்கு என்று நான்கு பக்கம் மட்டும் அச்செடுத்துச் சாமியாரிடம் காட்டினேன். மற்றதெல்லாம் பக்கம் வடிவமைத்த பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டேன். ஃப்ளாப்பியில் மூன்று பிரதி போட்டு மூன்று இடத்தில் வைத்தேன். அம்புட்டு ஜாக்கிரதை எனக்கு.

இனி எழுதப்போவதுதான் நான் உனக்குச் சொல்லாதது. அம்மாவின் நோட்டுகள் என்ன ஆயிற்று என்று நீ கேட்டபோது, கரையான் அரித்துவிட்டது என்றேன். பொய். கரையான் பாவம், அது தொடவே இல்லை.

நோட்டுகள் மழையில் நனைந்து ஓரம் கிழிந்து தையல் விட்டுப் போயிருந்தது வாஸ்தவம். பீரோவில் வைத்தால் தாள் தாளாக உதிர்ந்தது. பழைய பேப்பர் கடைக்குப் போடுகிற சாமானா அது? ஆண்டவர் பெயரும் மாதா பெயரும் வரிக்கு வரி இருக்கிறது. நாளைக்கு எவனாவது அதில் வடை மடித்துக் கொடுப்பான். மந்திரித்த பொருளையும் ஜெபம் எழுதிய தாளையும் நாம் குப்பையில் போட மாட்டோம், எரிப்போம், அல்லது புதைப்போம். எங்கள் அப்பா காலத்திலிருந்து வீட்டில் அப்படித்தான். அந்த வருஷம் திருநீற்றுப் புதனுக்கு முந்தின ஞாயிறு, போன வருஷக் குருத்தோலைகளை எல்லார் வீட்டிலிருந்தும் வாங்கிக் கோயிலின் பின்பக்கம் சாமியாருக்கு உதவியாக இருக்கிற உபதேசியார் எரித்துக்கொண்டிருந்தார், புதன்கிழமை நெற்றியில் பூசுகிற சாம்பலுக்காக. நம் வீட்டுக் குருத்தோலையைக் கொடுக்கப் போன நான் நோட்டுகளையும் கையில் கொண்டு போனேன். இதைவிடப் புண்ணியமான நெருப்பு கிடைக்காது என்று நினைத்தேன். உபதேசியார் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தார். அவருக்கு எழுத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

"டீச்சர் எழுத்தாச்சே சார். இது வேணாமா?"

"எல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்திட்டேன்," என்றேன். எவ்வளவு பெருமையாகச் சொன்னேன் தெரியுமா? இனிமேல் அழியவே அழியாது என்று அவருக்குப் பாடம் வேறு நடத்தினேன். அவர் நோட்டுகளை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். அவர் கையால் போடவில்லை. நான்தான் போட்டேன், ஒவ்வொரு நோட்டாக, என் கையால்.

புதன்கிழமை காலைப் பூசையில், அம்மா போனதும் ஹாஸ்டலை விட்டு வீட்டோடு வந்துவிட்ட நீயும் நானும் வரிசையில் நின்றோம். மண்ணாயிருக்கிறாய், மண்ணுக்கே திரும்புவாய் என்று சாமியார் உன் நெற்றியில் சாம்பலால் சிலுவை போட்டார். அந்தச் சாம்பலில் உன் அம்மாவின் எழுத்தும் இருந்தது, அப்பு. பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சு என்று கோயில் குழாயில் முகத்தைக் கழுவிக்கொண்டு சைக்கிளில் ஏறி ஓடினாய். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அன்றைக்கு எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. இப்போது ஒவ்வொரு வருஷமும் அந்தப் புதன்கிழமை என் நெற்றி பற்றி எரிகிறது.

அந்தச் சித்திரையில் ஒரு சாயங்காலம் கோடை மழையோடு இடி விழுந்தது. தெருவில் நாலு வீட்டு டி.வி. போயிற்று. என் கம்ப்யூட்டருக்கு ஒன்றும் ஆகவில்லை, பின்னால் மாட்டியிருந்த அந்தக் கட்டை மட்டும் கருகிவிட்டது. கம்ப்யூட்டரைப் போட்டேன், எல்லாம் இருக்கிறது, அம்மாவின் ஃபைலும் இருக்கிறது. திறந்தால் லாக் எங்கே என்று கேட்கிறது. ஃப்ளாப்பியைப் போட்டேன், அதிலும் இருக்கிறது, அதுவும் லாக் எங்கே என்கிறது. வேறு மென்பொருளில் திறந்தால் புள்ளியும் கோடும் பூச்சியுமாக ஓடுகிறது. தொலைந்து போயிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். கண் முன்னால் இருந்துகொண்டு திறக்க மாட்டேன் என்கிறதே!

பேகம்பூரில் பூட்டுக்கடை வைத்திருக்கிற பாயை உனக்குத் தெரியும், நம் கடையில்தான் பில் புத்தகம் அடிப்பார். அன்றைக்கு அவர் வந்திருந்தார். கருகின கட்டையை வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். விஷயத்தைச் சொன்னேன். அவர் கட்டையை மேஜை மேல் வைத்துவிட்டுச் சொன்னார்.

"சாவிய அவன் வச்சுக்கிட்டு, பூட்ட மட்டும் உங்களுக்கு வித்துருக்கான் சார். நாங்க இப்புடி வித்தா ஊருல செருப்பால அடிப்பாங்க."

எனக்குச் சுருக்கென்றது, அதற்கு வேறொரு காரணமும் உண்டு. அதற்கு ஒரு வருஷத்துக்கு முன்னால் இதே பாய் தன் பில் புத்தக டிசைனை ஃப்ளாப்பியில் போட்டுத் தரச் சொல்லிக் கேட்டார். நான் சிரித்துக்கொண்டே, அதெல்லாம் ஃப்ளாப்பியில் வராது பாய், வேணும்கிறபோது இங்கேயே வாங்க என்று சமாளித்தேன். வரும், அது லாக் கேட்காத சாதா மென்பொருளில் இங்கிலீஷில் செய்தது, தாராளமாக வரும். கொடுத்தால் அடுத்த தடவை வேறு கடைக்குப் போய்விடுவார் என்ற பயம். எல்லா வாடிக்கையாளரையும் அப்படித்தான் கட்டிப்போட்டு வைத்திருந்தேன். ஆகவே உன்னைத் திட்டுகிற யோக்கியதை எனக்கு முழுசாகக் கிடையாது என்பது எனக்கே தெரியும். நீ பெங்களூரில் கண்ணாடிக் கட்டடத்தில் உட்கார்ந்து செய்வதை நான் நாகல் நகரில் பத்துக்குப் பத்து அறையில் செய்தேன். மறுநாளே பாய்க்கு ஃப்ளாப்பி கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் அதை என்ன செய்வதென்று தெரியாமல் கல்லாப்பெட்டியில் போட்டு வைத்துக்கொண்டு, அதற்குப் பிறகும் என் கடைக்குத்தான் வந்தார். கட்டிப்போடாமலே வருகிறவர்கள் இருக்கிறார்கள் என்பது எனக்கு நாற்பத்தெட்டு வயதில்தான் தெரிந்தது. நீயாவது கொஞ்சம் முன்னால் தெரிந்துகொள்.

மெட்ராஸுக்குப் போனேன். ஏ.சி. அறையில் கழுத்தில் பட்டையும் அட்டையும் தொங்க ஒரு பையன், உன் வயசுதான் இருக்கும் இப்போது. புது லாக் ஒன்று கொடுங்கள், விலை எதுவானாலும் சரி என்றேன். அந்தப் பதிப்பை நிறுத்திவிட்டோம், புதுப் பதிப்பு வாங்குங்கள் என்றான். அதில் என் ஃபைல் திறக்குமா என்றால், திறக்காது, ஒவ்வொரு ஃபைலும் எந்த லாக்கில் தட்டியதோ அந்த லாக்கின் நம்பரோடு சேர்த்து முடிச்சுப் போட்டிருக்கும் என்றான். யாருக்காக அப்படி முடிச்சுப் போட்டீர்கள் என்றேன். திருடர்களுக்காக என்றான். நான் திருடவில்லையே அய்யா, ரசீது கையில் இருக்கிறதே, என் பொண்டாட்டி எழுதினதுதானே உள்ளே இருக்கிறது என்று கேட்டேன். அவன் கோபப்படவில்லை, அதுதான் எரிச்சல். மரியாதையாகத்தான் சொன்னான்.

"சார், நீங்க சாஃப்ட்வேரை வாங்கல. அதை உபயோகிக்கிற உரிமையைத்தான் வாங்கினீங்க."

அப்போ என் பாட்டு? டீ கொடுத்தார்கள், குடிக்காமல் வந்துவிட்டேன். ஒரு வருஷம் கழித்து மறுபடி போனபோது அந்தக் கம்பெனியை வேறு யாரோ வாங்கியிருந்தார்கள். வாங்கினவர்கள் செல்போன் மணிச்சத்தம் விற்றுக்கொண்டிருந்தார்கள். தமிழ் எழுத்து வேலையா, அதெல்லாம் தெரியாதே சார் என்றது வாசலில் இருந்த பெண். அந்தக் குத்துப்பாட்டு அனுப்பினவனும் இவனுடைய பங்காளியாகத்தான் இருப்பான் என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம்.

நான் முதல் தடவை மெட்ராஸிலிருந்து திரும்பிய அன்று நீ வாசலிலேயே நின்றாய். என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டாய். "நான் படிச்சு வந்து தொறந்து தாரேன்பா" என்றாய். மீசை அரும்புகிற வயசு. ஊரெல்லாம் கம்ப்யூட்டர் படித்தால் அமெரிக்கா போகலாம் என்று படிக்க, நீ ஒருத்தன்தான் ஒரு ஃபைலைத் திறக்கப் படிக்கப் போனாய். ரெண்டாம் வருஷ லீவில் உன் சினேகிதனைக் கூட்டி வந்து பத்து நாள் அந்தக் கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டினாய். கடைசி நாள், முடியலப்பா என்று சொல்லிவிட்டுக் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாய். எனக்குக் கேட்டது. அந்தப் பையன் எங்கே போனான்? எனக்கு அதைச் சொல்லு. அவன்தானே இன்றைக்கு, எடுக்கக் கஷ்டமாக இருக்கணும் என்கிறான்? உன் அப்பனைப் போல ஒரு கிழவன் நாளைக்கு உங்கள் கண்ணாடி வாசலில் வந்து நிற்பான். அவனுக்கும் டீ கொடுப்பீர்கள்.

இதனால்தான் போட்டோக்களை அனுப்ப மாட்டேன் என்கிறேன். வேலையை விட்டுவிட்டு வா என்று நான் சொல்லவில்லை. கடனும் வாடகையும் எனக்குத் தெரியாததா. நீ அங்கே பெரிய பொறுப்பில் இருப்பதாகச் சொன்னாய். அந்தப் பொறுப்பை வைத்து ஒரே ஒரு வேலை செய். உள்ளே வருகிற வாசல் எம்புட்டு அகலமோ அம்புட்டு அகலத்தில் வெளியே போகிற வாசலையும் வை. முடியாது, முதலாளி விட மாட்டான் என்றால், குறைந்தபட்சம் அதைச் சாமர்த்தியம் என்று என் வீட்டுச் சாப்பாட்டு இலை முன்னால் உட்கார்ந்து சொல்லாதே.

நோட்டை எரித்தவன் சும்மா இருந்துவிடவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஏழெட்டு வருஷமாகத் தவக்காலத்து வெள்ளிதோறும் நான் பஸ் ஏறி எங்கே போகிறேன் என்று நீ கேட்டதில்லை. அம்மா வேலை பார்த்த ஊருக்குத்தான். பெண்கள் பாடப் பாட நான் பேனாவால் எழுதிக்கொள்கிறேன். ஆரோக்கியம் என்று ஒரு பெண், அம்மாவிடம் மூன்றாம் வகுப்பு படித்தவள், இப்போது மல்லிகைத் தோட்டத்தில் கூலிக்குப் பறிக்கிறாள். அவளுக்கு மட்டும் நாற்பது பாட்டு மனப்பாடம். ஒரு வரிக்கு இவள் ஒரு சொல் சொல்வாள், அடுத்தவள் டீச்சர் அப்படிச் சொல்லவே இல்லை என்று சண்டைக்கு வருவாள், நான் இரண்டையும் எழுதிக்கொள்வேன். போன வருஷம் ஆரோக்கியம் பூக்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டே கேட்டாள்.

"எதுக்கு சார் மெனக்கெட்டு எழுதுறீக? வேணுங்கிறப்ப வாங்க, பாடுறோம்."

பூட்டு இல்லை, நம்பர் இல்லை, அவளும் பத்திரமாகத்தான் வைத்திருக்கிறாள். இதுவரை நூற்றுப் பதினொன்றில் எழுபத்து மூன்று வந்துவிட்டது. மிச்சத்தில் பாதியாவது வரும். நூற்றுப் பன்னிரண்டு என்று சொல்லிவிட்டு இப்போது நூற்றுப் பதினொன்று என்கிறானே என்று பார்க்கிறாயா? கடைசிப் பாட்டு அந்த ஊரில் யாருக்கும் தெரியாது. அது கோயில் பாட்டு இல்லை. ஆறாம் வகுப்புக்கு உன்னை ஹாஸ்டலில் சேர்க்கக் கிளம்பிய அன்று காலையில் அம்மா உனக்காகக் கட்டினது. பெட்டி கட்டி வைத்துவிட்டு, உன்னை முன்னால் நிறுத்தி, நெற்றியில் கட்டைவிரலால் சிலுவை போட்டுக்கொண்டே பாடினாள். பிறகு லீவு முடிந்து நீ கிளம்புகிற ஒவ்வொரு தடவையும் பாடினாள். நான் அப்போதெல்லாம் ஆட்டோ கூப்பிட வாசலுக்குப் போயிருப்பேன், இல்லை நேரமாகிறது என்று சத்தம் போட்டுக்கொண்டிருப்பேன். முழுசாக ஒரு தடவைகூட நின்று கேட்டதில்லை. தட்டும்போது முழுசாகத் தட்டினேன், தட்டின கையோடு மறந்துவிட்டேன். அதுதான் உள்ளே இருக்கிறதே என்ற தைரியம். எனக்கு இப்போது நினைவிருப்பது இரண்டே வரி.

போயிட்டு வா ராசா, பொழுதிருக்க வா,
கை நெறய வேணாம்டா, கண்ணு நெறய வா.

அதற்கு மேல் ஆறேழு வரி இருக்கிறது. கிணற்றடி ஒன்று வரும், ஒரு சட்டைப் பொத்தான் வரும் என்பது வரை ஞாபகம். அவ்வளவுதான்.

அடுத்த மாதம் கல்யாணத்தன்று காலையில் கோயிலுக்குக் கிளம்புமுன் உன் நெற்றியில் சிலுவை போட வேண்டியவள் இல்லை. நான்தான் போட வேண்டும். அந்த நெற்றியில் ஒருமுறை அவள் எழுத்தைச் சாம்பலாகப் பூச விட்டவன் நான். வெறும் வாயோடு என் கை எழாது. பாட எனக்குத் தொண்டை கிடையாது என்று உனக்குத் தெரியும், ஆனாலும் பாடுவேன்.

அதனால் இந்தக் கடிதத்தைப் படித்து முடித்ததும் ஒரு பேனாவை எடு. ஆபீஸ் மெஷினைத் தொடாதே, அதில் தட்டினால் அவர்களுக்குச் சொந்தமாகிவிடும். ஈமெயிலும் வேண்டாம். ஒரு வெள்ளைத் தாளில் உன் கையால் எழுதி, கிளம்பி வருகிறபோது சட்டைப் பையில் வைத்துக் கொண்டு வா. உனக்குப் பதினாறு வயதுவரை அவள் பாடியிருக்கிறாள், நீ மறந்திருக்க முடியாது என்று நம்பிக்கொண்டிருக்கிறேன். எனக்கு நம்ப வேறு இடமும் இல்லை.

கண்ணு நெறய வா என்றாளே, அதற்குப் பிறகு அவள் என்ன பாடினாள், அப்பு?

அப்பா